டெங்குக்குப் பிறகு கொத்தாகக் கொட்டும் முடி: மினொக்சிடில் இப்போதே தொடங்க வேண்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். வயது 26, இடம் திருகோணமலை உப்புவெளி. மூன்று மாதத்துக்கு முதல் டெங்கு வந்து வைத்தியசாலையில் இருந்தீர்கள். இப்போது மூன்று கிழமையாகத் தலைக்கு முழுகும்போதெல்லாம் கை நிறைய முடி வருகிறது, அதுவும் வேரோடு வருகிறது என்று பயப்படுகிறீர்கள். அப்பாவுக்கு நாற்பது வயதுக்குள் வழுக்கை விழுந்துவிட்டது. வீட்டுக் கிணற்றுத் தண்ணி உவர். அதனாலா, ஹெல்மெட்டாலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாமசியில் ஒருவர், முடி வளரத் தலையில் பூசும் மினொக்சிடில் என்ற மருந்துப் போத்தலைக் காட்டியிருக்கிறார். தொடங்கினால் ஆயுளுக்கும் விட ஏலாது என்று கூட்டாளி வெருட்டியிருக்கிறார். எந்த மருந்து நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது வேறு: இது தானாக நிற்குமா, இல்லை அப்பாவின் வழுக்கை எனக்கும் தொடங்கிவிட்டதா? மருந்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

நான் மருந்தாளர். மருந்து எங்கே, எப்படி வேலை செய்யும் என்பதைப் பற்றி உறுதியாகக் கதைக்க முடியும். தலையைப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது என் வேலை இல்லை, அதற்குத் தோல் வைத்தியர் இருக்கிறார். ஆனாலும் நீங்கள் எழுதிய காலக்கணக்கு ஒன்றைப் பலமாகச் சொல்கிறது. இப்போது கொட்டுவது பெரும்பாலும் காய்ச்சலின் பின்விளைவு. அது மருந்து இல்லாமலே நிற்கக்கூடியது. பரம்பரை வழுக்கையும் அதோடு சேர்ந்து தொடங்கியிருக்கிறதா என்பது சந்தேகத்துக்குரிய பகுதி. அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலும் இரண்டு முதல் ஆறு வருடம் முடியை வளர்க்கும். பிறகு இரண்டு மூன்று கிழமையில் சுருங்கும். அதற்குப் பின் மூன்று மாதமளவு ஓய்வில் இருந்து, பழைய முடியை உதிர்த்துவிட்டு, புதிதை வளர்க்கத் தொடங்கும். சாதாரண நாளில் பத்தில் ஒரு பங்கு முடி ஓய்வில் இருக்கும். அதாவது பத்தாயிரம் முடி, நூறு நாளில் உதிர வேண்டும், நாளொன்றுக்கு நூறு. எல்லோரும் சொல்லும் "நாளுக்கு நூறு முடி சாதாரணம்" என்ற கணக்கு இப்படித்தான் வருகிறது. இப்போது கடும் காய்ச்சல் ஒன்று வருகிறது என்று வையுங்கள். உடம்பு உயிரைக் காப்பதில் மும்முரமாக இருக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த மயிர்க்கால்களில் ஒரு பகுதி வேலையை நிறுத்தி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். பத்து வீதம் முப்பது வீதமாகிவிட்டால் நாளொன்றுக்கு முந்நூறு முடி கொட்டும். மூன்று நாள் முழுகாமல் இருந்து நான்காம் நாள் முழுகினால், அந்த மூன்று நாளின் உதிர்வும் சேர்ந்து கையில் வரும். பார்க்கப் பயங்கரமாகத்தான் இருக்கும்.

ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் தோலுக்குள்ளேயே நிற்கும். அதனால்தான் காய்ச்சல் சுகமாகி, சாப்பாடு தேறி, எல்லாம் சரி என்று நினைக்கிற நேரத்தில் கொட்டத் தொடங்குகிறது. ஆட்கள் போன கிழமை மாற்றிய ஷாம்பூவையோ புதிதாகத் தோண்டிய கிணற்றையோ குற்றம் சொல்வதும் இதனால்தான். முடி கொட்டுகிற எவரையும் நான் முதலில் கேட்பது "மூன்று மாதத்துக்கு முதல் என்ன நடந்தது?" என்றுதான். டெங்கு, நெருப்புக்காய்ச்சல், கொவிட், பெரிய சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு, ஒரேயடியாகச் சாப்பாட்டைக் குறைத்து மெலிந்தது, வீட்டில் ஒரு சாவு: பதில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவி, பிறகு அந்த ஆண்டில் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் பதிவானபோது, எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ பேர் இரண்டு மாதம் கழித்து இதே பயத்துக்கு ஆளாகியிருப்பார்கள்.

வேரோடு வருகிறது என்பதைப் பற்றி. விழுந்த முடியின் நுனியில் வெள்ளையாக ஒரு சின்னக் குமிழ் தெரிகிறது அல்லவா? அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போன முடியின் அடி கெட்டியாகித் தடித்த பகுதி அது. முடியை உண்டாக்கும் உறுப்பு தோலுக்குள் அப்படியே இருக்கிறது, கையால் இழுத்தாலும் வெளியே வராது. பால்பல் விழுவதற்கு முதலே அடியில் புதுப்பல் தயாராவதைப் போல, பல இடங்களில் புதுமுடி கிளம்பும்போதுதான் பழையது கழன்று விழுகிறது. ஆகவே வெள்ளைக் குமிழைக் கண்டால் பயப்படத் தேவையில்லை, அது இயல்பான உதிர்வின் அடையாளம். மாறாக, குமிழே இல்லாமல் நடுவில் முறிந்த துண்டுகளாக வந்தால் பிரச்சினை மயிர்க்காலில் இல்லை, முடியின் தண்டில் இருக்கிறது. அப்போது தண்ணி, சூடு, சாயம், இழுத்துக் கட்டுதல் ஆகியவற்றை விசாரிக்க வேண்டும். வெள்ளைத் துவாய் ஒன்றில் பத்து முடியைப் பரப்பி வைத்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

காய்ச்சலால் வந்த உதிர்வு வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அடங்கும். ஆனால் அடங்கியவுடனே தலை பழையபடி நிறைந்துவிடாது. முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். நெற்றி ஓரத்தில் குத்திட்டு நிற்கும் குட்டி முடிகள் முதலில் தெரியும். அடர்த்தி திரும்பிவிட்டது என்று கண்ணாடியில் தெரிய ஆண்களுக்கு ஆறு மாதத்துக்கு மேலும், நீண்ட கூந்தல் உள்ள பெண்களுக்கு ஒன்றரை வருடமும் ஆகலாம். ஆறு மாதம் தாண்டியும் அதே அளவில் கொட்டினால் காய்ச்சலை விட்டுவிட்டு வேறு காரணம் தேட வேண்டும்.

அந்தத் தேடலில் மூன்று இரத்தப் பரிசோதனைகள் பெறுமதியானவை: முழு இரத்த எண்ணிக்கை, உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைரொயிட்டுக்கான டி.எஸ்.எச். உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெங்குக் காய்ச்சலின்போது ஃபெரிட்டின் தாறுமாறாக ஏறும். ஆகவே வைத்தியசாலையில் எடுத்த பழைய அறிக்கையில் ஃபெரிட்டின் உயர்ந்திருந்தால் இரும்புச்சத்து தாராளம் என்று எண்ணிவிடாதீர்கள். புதிதாக எடுக்க வேண்டும். முப்பதுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பதில் பெரிய வாக்குவாதம் இல்லை. முப்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் இருப்பவர்களுக்கு இரும்பு கொடுத்தால் முடி தேறுமா என்பதில் நிபுணர்களிடையே ஒற்றுமை கிடையாது. இரும்புக் குளிசையைப் பரிசோதிக்காமல் விழுங்கவும் வேண்டாம். தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறின் கூறு உள்ளவர்கள் எங்கள் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இரத்த எண்ணிக்கையில் சிவப்பணுக்கள் சிறிதாகத்தான் தெரியும், ஆனால் இரும்பு குறைந்திருக்க வேண்டியதில்லை. இளம் ஆண் ஒருவருக்கு இரும்பு உண்மையில் குறைந்திருந்தால், அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் (குடற்புழு, வயிற்றுப்புண், மூலம்), குளிசையோடு விட்டுவிடக் கூடாது. குளிசை எடுக்க நேர்ந்தால் பிளேன்ரீயிலிருந்து இரண்டு மணித்தியாலம் தள்ளி எடுங்கள், தேயிலை இரும்பைப் பிடித்துக்கொள்ளும். தேசிக்காய்த் தண்ணியோடு எடுத்தால் நல்லாகச் சேரும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஒரே வரி: காய்ச்சலில் இழந்த நிறையைத் திரும்ப ஏற்றுங்கள், ஒவ்வொரு வேளையும் மீனோ முட்டையோ பருப்போ கௌபியோ ஏதாவதொன்று தட்டில் இருக்கட்டும். சூடை மீனும் முருங்கையிலையும் கிடைக்கிற ஊரில் முடிக்கென்று விலை கூடிய பவுடர் டப்பா வாங்கத் தேவையில்லை.

இனி அப்பாவின் வழுக்கை. இதன் இயங்குமுறை நன்றாகத் தெரிந்த ஒன்று. டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோனை ஒரு நொதியம் டி.எச்.டி. என்ற பலமான வடிவமாக மாற்றுகிறது. நெற்றி ஓரத்திலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் பரம்பரையாக அதற்குக் கூச்சம் உள்ளவையாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறுகிக்கொண்டே போகும். தடித்த முடி மெல்லியதாகி, கடைசியில் கன்னத்துப் பூனைமயிர் போல ஆகிவிடும். பிடரியிலும் காதோரத்திலும் உள்ளவை இதற்கு மசியாது. பருவமடைவதற்கு முதலே விதை அகற்றப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை, ஆண் ஹோர்மோன் கொடுத்தால் பரம்பரை உள்ளவர்களுக்கு விழுகிறது என்று ஹமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1942 இலேயே காட்டினார். 1974 இல் டொமினிக்கன் குடியரசின் சில குடும்பங்களில் அந்த நொதியம் பிறவியிலேயே குறைந்த ஆண்கள் கண்டறியப்பட்டார்கள். அவர்களுக்கு வழுக்கை இல்லை. பின்னர் வந்த ஃபினாஸ்டெரைட் குளிசையின் பின்னணி இதுதான். தாய்வழி மாமனைப் பார்த்தால் போதும் என்பது பாதி உண்மை. முக்கியமான மரபணு ஒன்று தாயிடமிருந்து வருகிறது, மற்றும் பல இரு பக்கத்திலிருந்தும் வருகின்றன. அப்பாவுக்கு இருந்ததால் உங்களுக்கு நிச்சயம் என்றும் இல்லை, இல்லவே இல்லை என்றும் இல்லை.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? காய்ச்சல் உதிர்வு திடீரென்று தொடங்கும், தலை முழுக்கப் பரவலாக இருக்கும், பிடரியில்கூடக் குறையும், கொட்டும் முடி நல்ல தடிப்பாக இருக்கும். பரம்பரை வழுக்கையில் கொட்டும் அளவு பெரிதாகக் கூடாமலே போகலாம். இடம்தான் சாட்சி: நெற்றியின் இரு மூலையும் பின்வாங்கும், உச்சியில் தோல் வெளுத்துத் தெரியும், பிடரி மட்டும் பழையபடி இருக்கும், விழுந்த முடிகளில் குட்டையும் மெல்லியதுமானவை கூடுதலாக இருக்கும். தோல் வைத்தியர் டெர்மொஸ்கோப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், அருகருகே தடித்ததும் மெல்லியதுமாக முடிகள் கலந்து நிற்பதை நேரிலேயே காண்பார். சிக்கல் எங்கே வருகிறது என்றால், இரண்டும் ஒருவருக்கே வரும்போதுதான். வழுக்கை மெதுவாகத் தொடங்கியிருந்தாலும், அடர்த்தி ஏறத்தாழ அரைவாசியாகக் குறையும்வரை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. காய்ச்சல் ஒரு பங்கை ஒரேயடியாகக் கொட்ட வைத்ததும், மறைந்திருந்தது வெளியே வந்துவிடும். "டெங்குக்குப் பிறகுதான் எனக்கு வழுக்கை" என்று சொல்லும் பலரின் கதை இதுவாக இருக்கலாம்.

இதனால்தான் இன்றைக்கே மினொக்சிடில் தொடங்க வேண்டாம் என்கிறேன். மருந்து கெட்டது என்பதால் அல்ல. தானாக நிற்கப் போகும் உதிர்வின் நடுவில் தொடங்கினால், மூன்று மாதத்தில் முடி தேறும்போது அது மருந்தாலா, இயற்கையாலா என்று உங்களுக்கோ வைத்தியருக்கோ தெரியப் போவதில்லை. பிறகு நிறுத்தவும் பயமாக இருக்கும், தேவையில்லாத ஒன்றை வருடக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பீர்கள். அதைவிட, முதல் இரண்டு மாதத்தில் மினொக்சிடிலே ஓய்வு முடிகளைத் தள்ளிவிட்டு உதிர்வைக் கூட்டலாம். ஏற்கெனவே கொட்டுகிறது என்று பதறும் ஆளுக்கு அது தாங்காது. பலர் அந்தக் கட்டத்திலேயே போத்தலை எறிந்துவிடுகிறார்கள்.

அதற்குப் பதிலாகப் படம் எடுங்கள். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, ஒரே ஜன்னலடியில், ஒரே பகல் வெளிச்சத்தில், எண்ணெய் இல்லாத காய்ந்த தலையோடு நான்கு படம்: நெற்றி நேராக, இரு மூலைகள், உச்சி. முடி ஒரே நீளத்தில் வெட்டியிருந்தால் இன்னும் நல்லம். பிளாஷ் போடாதீர்கள், அது எல்லோருடைய தலையையும் வழுக்கையாகக் காட்டும். நாளுக்கு எத்தனை முடி என்று எண்ணுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த எண்ணிக்கையால் முடிவெடுக்க முடியாது, நித்திரைதான் கெடும். நாலைந்து மாதப் படங்களை அடுக்கிப் பார்க்கும்போது தலை முழுக்க ஒரேமாதிரித் தேறியிருந்தால் விடயம் முடிந்தது. பிடரியும் பக்கங்களும் தேறி, மூலைகளும் உச்சியும் மட்டும் பின்தங்கினால் அது பரம்பரை. அப்போது மருந்து தொடங்குவதில் அர்த்தம் இருக்கிறது, நாலு மாதம் தாமதித்ததால் பெரிய நட்டமும் இல்லை.

அப்படித் தொடங்க நேர்ந்தால் எப்படிப் பாவிப்பது என்பதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வேலை செய்யவில்லை என்று வருபவர்களில் பலர் சரியாகப் பாவிக்காதவர்கள். மினொக்சிடில் ஆரம்பத்தில் பிரஷருக்கான குளிசை. எடுத்தவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைக் கண்டுதான் தலைக்குப் பூசும் திரவமாக்கினார்கள். அமெரிக்காவில் 1988 இல் அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கு 5 வீதத் திரவம், ஒரு தடவைக்கு 1 மில்லிலீற்றர், காலையும் இரவும். 60 மில்லிலீற்றர் போத்தல் ஒரு மாதத்துக்குச் சரி. போத்தல் இரண்டு மாதம் வந்தால் நீங்கள் அரைவாசிதான் பூசுகிறீர்கள். தலை காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் இருக்கக் கூடாது. முடியை வகிர்ந்து துளிசாடியால் தோலில் விட்டு விரல் நுனியால் பரப்புங்கள். முடியில் பட்டது வீண். நான்கு மணித்தியாலத்துக்குத் தலையை நனைக்கக் கூடாது. இரவில் படுப்பதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முதல் பூசினால்தான் தலையணையில் ஒட்டி முகத்துக்கு வராது. கையைக் கழுவுங்கள். திரவத்தில் மதுசாரம் இருப்பதால் பூசிய கையோடு அடுப்படிக்கோ சிகரெட்டுக்கோ போகாதீர்கள். ஒருநேரம் மறந்தால் அடுத்த நேரம் இரட்டிப்பாகப் பூசத் தேவையில்லை. காய்ந்த பிறகு வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் அது பெரும்பாலும் மருந்தின் படிவு, பொடுகு அல்ல. தோல் சிவந்து அரித்தால் குற்றவாளி பெரும்பாலும் மருந்து அல்ல, அதைக் கரைத்திருக்கும் புரொப்பிலீன் கிளைக்கோல். அது இல்லாத நுரை வடிவத்துக்கு மாறிப் பார்க்கலாம். நெஞ்சுவலி, படபடப்பு, தலைச்சுற்று, கால்வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் மிகக் கவனம்: தலையணையை நக்கினால்கூட பூனைக்கு இது நஞ்சாகும், உயிர் போயிருக்கிறது.

பலனைக் காண நான்கு மாதம், முழுதாக மதிப்பிட ஒரு வருடம் வேண்டும். எல்லோருக்கும் வேலை செய்யாது. தோலில் உள்ள ஒரு நொதியம் மினொக்சிடிலை இயங்கும் வடிவமாக மாற்ற வேண்டும். அது குறைந்தவர்களுக்குப் பூசியும் பயன் கிடைப்பதில்லை. உங்கள் கூட்டாளி சொன்னது இந்த இடத்தில் சரிதான். பரம்பரை வழுக்கைக்குப் பாவித்து முடி வந்தால், நிறுத்திய மூன்று நான்கு மாதத்தில் வந்தது போய்விடும். மருந்து உங்களை அடிமையாக்குவதால் அல்ல, வழுக்கையின் காரணம் அடியில் ஓடிக்கொண்டே இருப்பதால். பிரஷர்க் குளிசையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவதும் இப்படித்தான்.

அந்தக் காரணத்தைத் தொடுவது ஃபினாஸ்டெரைட் 1 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. 1997 இலிருந்து ஆண்களின் வழுக்கைக்குப் பாவனையில் இருக்கிறது. இரத்தத்தில் டி.எச்.டி. அளவை எழுபது வீதமளவு குறைக்கும். இருக்கிற முடியைக் காப்பாற்றுவதில் மினொக்சிடிலைவிடக் கெட்டிக்கார மருந்து என்பது என் கணிப்பு. ஆனால் இதை வைத்தியரின் சீட்டு இல்லாமல் எடுக்காதீர்கள், தாருங்கள் என்று பாமசியில் கெஞ்சவும் வேண்டாம். மருந்துப் பரிசோதனைகளில் ஆண்மை தொடர்பான குறைபாடுகள் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேரளவிலும், மருந்தே இல்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் இரண்டு பேரளவிலும் பதிவாகின. பெரும்பாலானோருக்கு நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. நிறுத்திய பிறகும் நீடிப்பதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்; அது எவ்வளவு பேருக்கு, ஏன் என்பது இன்னும் தீராத வாதம். மனச்சோர்வு இருந்தவர்கள் வைத்தியரிடம் அதை முதலே சொல்ல வேண்டும். தற்கொலை எண்ணம் ஒரு பக்கவிளைவு என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025 இல் உறுதிசெய்தது. சிலர் புரொஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கான 5 மில்லிகிராம் குளிசையை வாங்கி நாலாக உடைக்கிறார்கள். உடைக்கும்போது பறக்கும் தூளை வீட்டில் உள்ள கர்ப்பிணி தொட்டால் வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தைக்கு ஆபத்து. இரத்த தானம் செய்பவராக இருந்தால் இரத்த வங்கியில் இதை எடுப்பதாகச் சொல்லுங்கள். இன்னொன்று: பிற்காலத்தில் புரொஸ்டேட்டுக்கு பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை செய்தால் இந்தக் குளிசை அந்த எண்ணை ஏறத்தாழ அரைவாசியாகக் காட்டும், வைத்தியருக்கு அது தெரிய வேண்டும்.

கிணற்றுத் தண்ணி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோர மணற்கிணறுகள் கோடையில் உவர்க்கும், அது உண்மை. உவரும் கல்சியமும் முடியின் மேல் படியும், சவர்க்காரம் நுரைக்காமல் பிசினாக ஒட்டும், முடி விறைத்துச் சிக்குப்படும், சீவும்போது முறியும். ஆனால் தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலை வெளியே ஊற்றும் தண்ணி ஓய்வுக்கு அனுப்புவதில்லை, அப்பாவின் வழுக்கையையும் அது உண்டாக்கவில்லை. அதே தண்ணியில் முழுகும் அம்மாவின் தலையைப் பாருங்கள். முறிவைக் குறைக்க, தலைக்குச் சவர்க்காரத்தை விட்டுவிட்டு ஷாம்பூ பாவியுங்கள், கடைசி ஒரு வாளி மட்டும் குழாய்த் தண்ணியாகவோ மழைத்தண்ணியாகவோ இருக்கட்டும். தேசிக்காய் பிழிந்த தண்ணி படிவைக் கரைக்கும்தான்; ஆனால் அதைக் கழுவாமல் வெயிலுக்குப் போனால் நெற்றித்தோல் வெந்து கறுக்கும், மாதக்கணக்கில் போகாது. ஹெல்மெட்டையும் கேட்டிருந்தீர்கள். ஹெல்மெட்டால் வழுக்கை வராது. உள்துணியைக் கிழமைக்கு ஒருக்கால் தோய்த்துக் காயவிட்டால் போதும்.

எண்ணெய்களைப் பற்றிச் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் கோபிக்கக்கூடும், ஆனாலும் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊறி, முழுகும்போது புரதம் இழப்பதைக் குறைக்கிறது. இது ஆய்வுகூடத்தில் காட்டப்பட்ட விடயம். ஆகவே முறிவுக்கு அது நல்லது. செவ்வரத்தை, கையாந்தகரை, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வாசமாக இருக்கும், தலைக்கு இதமாக இருக்கும். மனிதரில் வழுக்கையைத் திருப்பியதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. இங்கே திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது, முறையாகப் படித்த சித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவது வேறு, இணையத்தில் பெயரில்லாத போத்தலை வாங்குவது வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எண்ணெயைத் தொடாதீர்கள். வெங்காயச் சாறு புழுவெட்டுக்குப் பயன்பட்டதாகச் சிறிய ஆய்வு ஒன்று உண்டு, உங்கள் பிரச்சினை அது இல்லை. தோல் எரிந்ததுதான் மிச்சமாகும். பொடுகோடு அரிப்பும் இருந்தால் எண்ணெயை நிறுத்துங்கள், எண்ணெய் அதை வளர்க்கும். 2 வீத கீற்றோகொனசோல் ஷாம்பூ கிழமைக்கு இரண்டு தரம், நுரையை ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும், நாலு கிழமைக்கு. மொட்டை அடித்தால் தடித்து வளரும் என்பதும் தோற்றம்தான்: வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடிப்பாகத் தெரிகிறது. கோயில் நேர்த்திக்கு அடிப்பதென்றால் அடியுங்கள், முடிக்காக வேண்டாம்.

பயோட்டின் குளிசை பெரும்பாலும் காசுக்குக் கேடு. அந்த விற்றமின் குறைபாடு மிக அரிது. அதைவிட, கூடிய அளவில் எடுத்தால் தைரொயிட் பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் பிழையாகக் காட்டும். எடுத்துக்கொண்டிருந்தால் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க மூன்று நாளுக்கு முதலாவது நிறுத்துங்கள். விற்றமின் ஏ கூடினால் முடி கொட்டவே செய்யும். இரத்தத்தை எடுத்துச் சுழற்றித் தலையில் குத்தும் பி.ஆர்.பி. சிலருக்குப் பலன் தருவதாகத் தெரிகிறது, ஆனால் இடத்துக்கு இடம் தயாரிக்கும் முறை வேறு, ஆய்வுகளின் முடிவும் வேறு. முதல் தெரிவாக அதற்குச் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். முடி நடுகை உண்மையான சிகிச்சைதான், ஆனால் அது பிடரி முடியை முன்னுக்கு மாற்றி வைப்பது மட்டுமே. புதிதாக ஒன்றையும் உண்டாக்குவதில்லை. 26 வயதில், வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் நட்டால், பத்து வருடத்தில் நட்டது மட்டும் முன்னுக்குத் தீவாக நிற்கும்.

இதை வாசிக்கும் பெண்களுக்கும் இரண்டு விடயம். பிள்ளை பிறந்து மூன்று நாலு மாதத்தில் கொட்டுவது மேலே சொன்ன காய்ச்சல் கதையின் இன்னொரு வடிவம், பிள்ளைக்கு ஒரு வயதாகும்போது பெரும்பாலும் சரியாகிவிடும். கர்ப்பகாலத்திலும் பாலூட்டும்போதும் மினொக்சிடில் வேண்டாம், ஃபினாஸ்டெரைட்டைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. பாடசாலைக்கு இரட்டைப் பின்னல் இறுக்கிப் போடும் பிள்ளைகளுக்கு நெற்றியோரமும் காதோரமும் வெளுத்தால் பின்னலைத் தளர்த்துங்கள்; வருடக்கணக்கில் இழுபட்டால் அந்த மயிர்க்கால் நிரந்தரமாகச் செத்துவிடும்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. காசளவு வட்டமாக, வழுவழுப்பாக முடி போனால் புழுவெட்டாக இருக்கலாம். அதற்கு அந்த இடத்தில் ஸ்டெரொய்ட் ஊசி போடுவார்கள். சிறுபிள்ளையின் தலையில் செதிலோடு முறிந்த முடித்திட்டு இருந்தால் அது பங்கசு. பூசும் மருந்து மட்டும் போதாது, வாயால் எடுக்கும் மருந்து கிழமைக்கணக்கில் தேவை, வீட்டில் மற்றப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். தலைத்தோல் எரிந்து, நொந்து, சிவந்து, முடி வரும் துவாரங்களே தெரியாமல் மினுங்கினால் அது தழும்பு உண்டாக்கும் வகை. அதில் போன முடி திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே முடியும், ஆகவே கிழமைகள் முக்கியம். இவற்றுக்கு அரச வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போங்கள், காசு செலவில்லை.

தம்பி, நீங்களும் ஆறு மாதத்தில் தேறாவிட்டால் அங்கேதான் போக வேண்டும். போவதற்கு முதல் நாள் தலைக்கு முழுகாதீர்கள், எண்ணெயும் வைக்காதீர்கள். வைத்தியர் ஒரு பிடி முடியைப் பிடித்து மெல்ல இழுத்து எத்தனை கையோடு வருகிறது என்று பார்ப்பார், முழுகிவிட்டுப் போனால் அந்தச் சோதனை பொய் சொல்லக்கூடும். மாதப் படங்கள், டெங்குக்கு நின்ற வைத்தியசாலையின் அட்டை, இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளின் பெட்டிகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின், வலிப்புக்கான வல்ப்ரோயேட், இரத்தம் உறையாமல் எடுக்கும் வார்ஃபரின் போன்றவையும் முடியைக் கொட்ட வைக்கும். உடற்பயிற்சி நிலையத்தில் யாராவது தந்த ஊசியோ குளிசையோ எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆண் ஹோர்மோன் கலந்தவை பரம்பரை வழுக்கையை வேகப்படுத்தும், அது தெரியாமல் எழுதிக் கொடுக்கும் மருந்து வீணாகப் போகும்.